காலிக்குடமும் கேமராவும்: போராட்டப் படங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி?

மாவட்டச் செய்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கோடை வந்துவிட்டால் வாரத்துக்கு மூன்று முறையாவது ஒரே படம் என் மேஜைக்கு வரும். ஊர்ப் பெயர் மட்டும் மாறும். தார்ச்சாலை, குறுக்கே வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், பின்னால் பெண்கள், ஓரத்தில் நின்றுபோன அரசுப் பேருந்தின் மூக்கு. கீழே எழுதவேண்டிய வரியும் மாறாது: ‘குடிநீர் கேட்டு காலிக்குடங்களுடன் பெண்கள் சாலை மறியல், அரை மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு.’

ஒரு நாள் ஒரே மறியலிலிருந்து ஆறு படங்கள் வந்தன. ஐந்தில் பெண்கள் புளியமர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒன்றரை ஆண்டாகக் கொடுத்த மனுக்களின் நகல்கள். பி.டி.ஓ.விடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஆறாவது படத்தில் ஒரு பெண் எழுந்து நின்று, கையை ஓங்கி, வாயைத் திறந்து கத்துகிறார். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிகிறது. பக்கம் முடிக்க இருபது நிமிடம்தான் இருந்தது. யோசிக்கவேயில்லை, ஆறாவதை மூன்று காலம் (column) அகலத்துக்குப் போட்டேன். படக்குறிப்பில் ‘ஆவேசமடைந்த பெண்’ என்று எழுதியதும் நான்தான்.

மறுநாள் அவருடைய மகன் போன் செய்தார். “சார், எங்கம்மா யாரையும் திட்டலைங்க. எம்பொண்ணு ரோட்டுப் பக்கம் ஓடுச்சு, அதக் கூப்பிட்டாங்க. இப்ப ஊர்ல எல்லாரும் ரவுடி ரவுடின்னு கேலி பண்றாங்க.” சண்டை போடவில்லை, மறுப்பு போடச் சொல்லியும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு வைத்துவிட்டார். படத்தில் எதுவும் பொய் இல்லை. கை ஓங்கியிருந்தது, வாய் திறந்திருந்தது. ஆறில் ஒன்றை எடுத்ததும், ஒரு சொல்லைச் சேர்த்ததும்தான் நான் செய்தது. ஒரு மனுஷியின் பேர் கெட அது போதுமாக இருந்தது.

இதழியல் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் நாலு போராட்டப் படம் வந்து விழுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தேவைப்படுவது ஒரு போன், பத்து நிமிடம், கொஞ்சம் சந்தேகப் புத்தி.

முதலில் படக்குறிப்பைக் கையால் மூடுங்கள்

தலைப்பு, படக்குறிப்பு, அனுப்பியவர் தட்டிய இரண்டு வரி எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் அரை நிமிடம் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: இவர்கள் என்ன கேட்கிறார்கள்?

பெரும்பாலான படங்களில் பதில் கிடைக்காது. எரியும் டயர் தெரியும், லத்தி தெரியும், இழுத்துப் போகப்படும் ஆள் தெரியும். கோரிக்கை தெரியாது. ‘எங்கள் தெருவுக்கு நாற்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை’ என்பதற்கு முகமும் கிடையாது, அசைவும் கிடையாது. மோதலைப் படமெடுப்பது சுலபம், காரணத்தைப் படமெடுப்பது கஷ்டம். அதனால் படத்தை மட்டும் பார்த்து வளர்கிற அபிப்பிராயத்தில் ‘ஏன்’ என்பது இருக்காது. ‘இவங்களுக்கு வேற வேலையே இல்ல’ என்ற வாசகம் டீக்கடையில் பிறப்பது இப்படித்தான்.

இந்த விஷயத்தில் காலிக்குடம் ஒரு அபாரமான கண்டுபிடிப்பு. அதைச் சாலைக்குக் கொண்டுவந்த பெண்களுக்கு யாரும் ஊடகப் பயிற்சி கொடுக்கவில்லை. ஆனால் படக்குறிப்பை மூடினாலும், ஏன், தமிழே தெரியாதவர் பார்த்தாலும், அவர்கள் கேட்பது தண்ணீர் என்று தெரிந்துவிடும். கோரிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதே உத்தி எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2017 மார்ச் 14 முதல் டெல்லி ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் 41 நாட்கள் உட்கார்ந்தார்கள். தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளுடையவை என்று மண்டை ஓடுகளை ஏந்தினார்கள். வாயில் எலியைக் கவ்வினார்கள். வெறும் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார்கள். படங்கள் நாடெங்கும் போயின. ஆனால் அவர்கள் கேட்டவற்றில் வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் காவிரி மேலாண்மை வாரியமும் இருந்தன. எலியைப் பார்த்தவருக்குக் காவிரி எங்கே நினைவுக்கு வரும்? நம் ஊரிலேயே ‘மானத்தை வாங்குறாங்க’ என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் விவசாயியைப் படமெடுக்க எந்த கேமரா வரும்?

உங்கள் குறிப்பேட்டில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: ‘கோரிக்கை தெரிகிறது’ அல்லது ‘தெரியவில்லை’. தெரியவில்லை என்றால், படம் கிளப்பிய உணர்ச்சியை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, செய்தியின் உள்ளே போய்க் காரணத்தைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் அது கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில் இருக்கும். இட நெருக்கடி வந்தால் வெட்டுவதற்கு வசதியான இடம் அது. அதையும் நான் செய்திருக்கிறேன்.

கேமராவின் கால் எங்கே நிற்கிறது?

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. யாருடைய முதுகு தெரிகிறது, யாருடைய முகம் தெரிகிறது என்று பாருங்கள்.

போலீஸ் முதுகும் கூட்டத்தின் முகமும் தெரிந்தால், போட்டோகிராபர் போலீஸ் வரிசைக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் கூட்டம் உங்களை நோக்கி வருகிறது; உங்களை அறியாமல் ஓர் அடி பின்னால் போவீர்கள். எதிர்ப்பக்கம் நின்றால் கேடயமும் ஹெல்மெட்டும் லத்தியும் உங்களை நோக்கி வரும், உங்கள் பக்கத்தில் நிற்பவர் தலையில் துண்டு கட்டிய பெரியவராக இருப்பார். சாலை ஒன்று, நேரமும் ஒன்று, பயம் மட்டும் வேறு வேறு. போட்டோகிராபர் எந்தக் கட்சி என்பதற்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. கல் பறக்கும்போது போலீஸ் தடுப்புக்குப் பின்னால் நிற்பது உயிருக்குப் பாதுகாப்பு. அதனால் அந்தப் பக்கத்துப் படங்கள் அதிகம் வருகின்றன, அவ்வளவுதான்.

உயரமும் கணக்கு. 1989 ஜூன் 5, பெய்ஜிங்கில் டாங்கி வரிசைக்கு முன்னால் கையில் பையோடு ஒற்றை ஆள் நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ஜெஃப் வைடனர் அதை பெய்ஜிங் ஹோட்டலின் ஆறாவது மாடியிலிருந்து நீண்ட லென்ஸ் வைத்து எடுத்தார். மேலிருந்து பார்க்கும்போது அகன்ற சாலை, இரும்பு, ஒரு மனிதன், அவ்வளவுதான். அதே ஆளை அதற்குச் சற்று முன்பு தரைமட்டத்திலிருந்து டெரில் ஜோன்ஸ் என்ற செய்தியாளர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. இருபது ஆண்டு கழித்து 2009-இல்தான் அது வெளியானது. முன்னால் ஒருவர் குனிந்து உயிர் பிழைக்க ஓடுகிறார். டாங்கிகள் இன்னும் தூரத்தில் வருகின்றன. இடப்பக்கம் பின்னால், தேடினால்தான் கிடைக்கிற இடத்தில், அந்த ஆள் பையோடு நிற்கிறார். ஆறாவது மாடியிலிருந்து அவர் ஒரு சின்னம். தரையில் அவர் எல்லோரும் ஓடும்போது ஓடாமல் நின்ற ஒருவர். எனக்கு இரண்டாவது படம்தான் அதிகமாக நடுக்கம் தருகிறது. போஸ்டராக ஒட்டுவதென்றால் முதலாவதைத்தான் ஒட்டுவார்கள்.

அடுத்தது லென்ஸ். தூரத்திலிருந்து டெலி லென்ஸ் போட்டு எடுத்தால் முன்னால் இருப்பவரும் முப்பது அடி பின்னால் இருப்பவரும் ஒட்டிக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். அறுபது பேர் ஜனசமுத்திரம் ஆவார்கள். அதே அறுபது பேரை மொட்டைமாடியிலிருந்து அகல லென்ஸில் எடுத்தால் பந்தலில் பாதி காலி நாற்காலி தெரியும். கூட்டம் பற்றி யாராவது லட்சக்கணக்கில் சொன்னால் ஒரு பழைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960-களில் மாணவர் போராட்டங்களை மேலிருந்து பார்த்து உருவாக்கியது இது. தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குப் பத்துச் சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரைச் சதுர அடி. இருபது அடி அகலச் சாலையில் ஐந்நூறு அடி நீளத்துக்கு ஆள் நின்றால் மொத்தம் 10,000 சதுர அடி. தளர்வாக என்றால் ஆயிரம் பேர், நெருக்கமாக என்றால் 2,200 பேர். ‘ஐம்பதாயிரம் பேர் திரண்டனர்’ என்ற பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

படச் சட்டத்துக்கு வெளியே யார்?

படத்தின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்று வாருங்கள். பாதி கை, வெட்டுப்பட்ட தோள், யாருடையதோ நிழல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அங்கே ஒருவர் நிற்கிறார், உங்களுக்குக் காட்டவில்லை.

2010 நவம்பர் 10, லண்டன். கல்லூரிக் கட்டணத்தை ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து ஐம்பதாயிரம் பேர் வரை ஊர்வலம் போனார்கள். அதில் ஒரு பகுதியினர் மில்பேங்கில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமையகக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். மறுநாள் பத்திரிகைகள் பலவற்றில் முதல் பக்கம் ஒரே காட்சிதான்: முகத்தை மறைத்த இளைஞன் ஒருவன் கண்ணாடிச் சுவரை உதைக்கிறான். அதே இடத்தை அகலமாக எடுத்த படங்களும் உள்ளன. அவற்றில் அந்த இளைஞனைச் சுற்றி அரைவட்டமாக போட்டோகிராபர்கள் நிற்கிறார்கள். திருமண வீட்டில் தாலி கட்டும்போது மேடையை மறைத்துக்கொண்டு நிற்பார்களே, அதே போல. உதைத்தது உண்மை, கண்ணாடி உடைந்ததும் உண்மை. ஆனால் குறுகிய படத்தில் அது ஊர்வலத்தின் முகம், அகலப் படத்தில் ஊர்வலத்தின் ஒரு மூலை.

பயிற்சிக்கு: ஒரு படம் கண்ணில் பட்டால் அதே நிகழ்வை வேறு செய்தி நிறுவனங்கள் எடுத்த படங்களைத் தேடுங்கள். மூன்று கோணம் கிடைத்தால் இடத்தின் வரைபடமே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

முந்தைய நொடியும் பிந்தைய நொடியும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

1963 மே 3, அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்காம். நிறப் பாகுபாட்டுக்கு எதிராகக் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்கள். நகரப் பொதுப் பாதுகாப்பு ஆணையர் புல் கானர் தீயணைப்புக் குழாய்களையும் போலீஸ் நாய்களையும் ஏவுகிறார். ஏ.பி. புகைப்படக்காரர் பில் ஹட்சன் எடுத்த படத்தில், கறுப்புக் கண்ணாடி அணிந்த வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒரு மாணவனின் மேலங்கியைப் பிடித்திருக்கிறார். நாய் அவன் வயிற்றை நோக்கிப் பாய்கிறது. அவன் தலை குனிந்திருக்கிறான், எதிர்ப்பே இல்லாதவன் போல. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. அதைப் பார்த்துக் குமட்டியது என்று அதிபர் கென்னடி சொன்னார். உள்ளூர் நாளிதழ்கள் அதை முதல் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. ஒரு படத்தால் சட்டம் வந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் நாட்டின் மனம் திரும்பியதில் அந்தப் படத்துக்கு இடம் உண்டு.

இப்போது முந்தைய நொடிக்குப் போங்கள். அந்த மாணவன் ஊர்வலக்காரனே இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். படத்தை உற்றுப் பார்த்தால் அவனுடைய முழங்கால் நாயைத் தடுக்க உயர்ந்திருப்பதும் தெரியும். அவன் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை.

முந்தைய நாளுக்கும் போகவேண்டும். மே 2 அன்று ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து அணி அணியாக வெளியே வந்தார்கள். ஓர் அணி கைதானால் அடுத்த அணி. ஊர்ச் சிறைகளை நிரப்பி நிர்வாகத்தைத் திணறடிப்பது திட்டம். அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது, பயந்து நின்ற அப்பாவிகள் அல்ல, திட்டம் போட்டு வந்தவர்கள். படம் திட்டத்தை மறைத்துப் பரிதாபத்தை மட்டும் காட்டியது. வெள்ளை வாசகர்களின் மனம் இளகியது அந்தப் பரிதாபத்தால்தான். நல்ல விளைவைத் தந்த படம்கூட எதையாவது மறைக்கும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் போய்வந்தேன். நமக்குப் பிடித்த பக்கத்துப் படத்தையும் இதே கேள்விகளால் துளைத்துப் பார்க்க மனசு வரவேண்டும். அதுதான் கஷ்டம்.

நமக்கு அருகில் இன்னொன்று. 2020 நவம்பர் 27, வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் திரண்ட டெல்லி சிங்கு எல்லை. பி.டி.ஐ. செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் ரவி சௌத்ரி எடுத்த படத்தில் பாதுகாப்புப் படைவீரர் ஒருவர் முதிய சீக்கிய விவசாயியை நோக்கி லத்தியை ஓங்குகிறார். மறுநாளே பா.ஜ.க.வின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் சில நொடி வீடியோத் துண்டு ஒன்றைப் போட்டு, லத்தி விவசாயிமேல் படவேயில்லை என்றார். படத்துக்குப் பதில் வீடியோ, அதனால் அதுதான் முழு உண்மை என்று பலர் நம்பினார்கள். ஆனால் வீடியோவுக்கும் ஆரம்பமும் முடிவும் உண்டு, அதையும் ஒருவர் வெட்டித்தான் தருகிறார். இன்னும் நீளமான காட்சியில் வேறொரு வீரரும் அவர்மேல் லத்தி வீசுவது தெரிந்தது. தனக்கு அடிபட்டதாக விவசாயியே சொன்னார். டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பதிவின்மேல் ட்விட்டர் ‘திரிக்கப்பட்ட ஊடகம்’ என்ற முத்திரையை ஒட்டியது. வீடியோவைக் கண்டால் ‘இதற்கு முன்னால் பத்து நொடி, பின்னால் பத்து நொடி எங்கே?’ என்று கேளுங்கள்.

இப்போது கையை எடுத்துப் படக்குறிப்பைப் படியுங்கள்

நம் தமிழ்ப் பத்திரிகைப் படக்குறிப்புகளுக்கென்றே ஒரு அகராதி போடலாம். அந்த அகராதியில் பாதி என் கைவண்ணம்.

‘லேசான தடியடி.’ லத்திக்கு லேசு, கனம் என்று எடைக்கல் உண்டா? தடியடி நடத்தியவர்கள் சொன்ன அடைமொழி அது, அப்படியே அச்சுக்குப் போகும். ‘தள்ளுமுள்ளு’ என்றால் தள்ளியது யார் என்று சொல்லத் தேவையில்லை, தானாக ஏற்பட்டுவிடும். ‘அப்புறப்படுத்தினர்’ என்பதைப் படித்தால் குப்பை நினைவுக்கு வருகிறது. ‘குண்டுக்கட்டாகத் தூக்கினர்’ என்பது மட்டும் ஓரளவு நேர்மையானது, படத்தில் தெரிவதை அது சொல்கிறது. ‘மர்ம நபர்கள்’, ‘சமூக விரோதிகள்’ ஆகிய இரண்டும் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். 2017 ஜனவரி 23 அன்று மெரினாவிலிருந்து ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்களை வெளியேற்றியபோது வன்முறை வெடித்தது. சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டதாகக் காவல்துறை சொன்னது. அதுவரை செல்போன் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்த ‘நம்ம பசங்க’ ஒரு சொல்லில் இரண்டாகப் பிளந்தார்கள். அதே நாளில் சீருடையினர் வாகனங்களைச் சேதப்படுத்தும் செல்போன் காட்சிகளும் பரவின. அவற்றுக்குப் படக்குறிப்பு எழுத எவருக்கும் சட்டென்று சொல் கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது ‘போராட்டக்காரர்களால் பொதுமக்கள் அவதி’ என்ற வரி. இத்தனை ஆண்டு எழுதியும் உறைக்கவில்லை, வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் பொதுமக்கள் என்றால், குடத்தோடு சாலையில் உட்கார்ந்திருப்பவர் யார்? நேற்று வரை அவரும் பொதுமக்களில் ஒருவர்தான். சாலையில் உட்கார்ந்த நிமிடம் அந்தப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிடுகிறோம்.

சில நேரம் படக்குறிப்பு கண்ணையே மறைத்துவிடும். 2021 ஜனவரி 26, செங்கோட்டை. விவசாயிகளின் டிராக்டர் பேரணியிலிருந்து உள்ளே புகுந்தவர்கள் ஒரு கொடியை ஏற்றினார்கள். தேசியக்கொடியை இறக்கிவிட்டுக் காலிஸ்தான் கொடியை ஏற்றியதாகச் செய்தி பறந்தது. படங்களிலோ மூவர்ணக்கொடி அதன் இடத்தில் பறந்துகொண்டிருந்தது. காலியாக இருந்த வேறொரு கம்பத்தில் ஏறியது நிஷான் சாஹிப், அதாவது குருத்வாராக்களில் பறக்கும் சீக்கிய மதக் கொடி. செங்கோட்டைக்குள் புகுந்தது சரியா என்பது வேறு விவாதம். கண்ணெதிரே பறந்த கொடியைப் பார்க்காமல் படக்குறிப்பை நம்பினோம் என்பதுதான் இங்கே விஷயம்.

செய்யவேண்டியது: படக்குறிப்பில் உள்ள வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் படத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று டிக் போடுங்கள். என் ‘ஆவேசமடைந்த’ என்ற சொல் இந்தச் சோதனையில் தோற்றிருக்கும். திறந்த வாய் தெரிந்தது, ஆவேசம் நான் கொடுத்தது.

அச்சேறிய படமும் ஏறாத படமும்

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அன்று வந்த படங்களில் இரண்டு வகை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒன்றில் ஆட்சியர் அலுவலகப் பகுதியில் எரியும் வாகனங்கள். மற்றதில் வேன் கூரைமேல், சீருடை இல்லாமல் மஞ்சள் பனியன் போட்ட காவலர் துப்பாக்கியால் குறி பார்க்கிறார். முதல் படத்தை முதலில் பார்த்தவர் மனதில் ‘எரிச்சாங்க, அதனால சுட்டாங்க’ என்ற வரிசை உட்கார்ந்துவிடும். இரண்டாவதை முதலில் பார்த்தவர் கேட்பது ‘கூரைமேல் ஏறிக் குறி பார்த்துச் சுடவேண்டிய அவசியம் என்ன?’ நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னாளில் காவல்துறைமேல் குறை கண்டது. ஆனால் அறிக்கை வருவதற்குள் நான்கு ஆண்டு. அதுவரை மக்கள் மனதில் இருந்தது, எந்தப் படம் முதலில் கண்ணில் பட்டதோ அதுதான்.

படத்தை முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதும் உண்டு. 1968 அக்டோபர் 27, வியட்நாம் போருக்கு எதிராக லண்டனில் பெரும் ஊர்வலம். வன்முறை நடக்கப்போகிறது என்று பல நாள் முன்பிருந்தே பத்திரிகைகள் எழுதின. ஊர்வலம் பெரும்பாலும் அமைதியாகவே முடிந்தது. கிராவ்னர் சதுக்கத்தில் மட்டும் சிறு மோதல். மறுநாள் பெரிதாக வந்ததோ ஒரு போலீஸ்காரர் உதைபடும் படம். எதிர்பார்த்த கதைக்குப் பொருந்தும் படத்தைத்தான் தேடி எடுத்தார்கள் என்று பின்னர் இதை ஆராய்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். என் ஆறாவது படத்துக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மறியல் என்றால் கத்தவேண்டும் என்பது என் மனதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

வராமலே போகும் படங்களும் இருக்கின்றன. 2022 ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்த படத்தை உலகமே பார்த்தது, ரசித்தது. அதே நாளில் வவுனியாவில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரக் கொட்டகையில் தங்கள் பிள்ளைகளின் படங்களோடு இருந்தார்கள். 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம் அது. அங்கே யாரும் குதிக்கவில்லை, எதுவும் எரியவில்லை. நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் வித்தியாசம் இல்லையென்றால் டெஸ்க்கில் ‘அதான் போன மாசமே போட்டாச்சே’ என்பார்கள். அந்த அம்மாக்களின் கோரிக்கை அவர்கள் கையில்தான் இருக்கிறது, முகமும் பெயருமாக, பிளாஸ்டிக் உறைக்குள். இருந்தும் படம் வருவதில்லை.

வாரம் ஒரு நாள், ஒரே போராட்டச் செய்தியை மூன்று பத்திரிகைகளில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தப் படம், எத்தனை காலம் அகலம், எந்தப் பக்கம் என்று மட்டும் குறியுங்கள். ஒரு மாதத்தில் ஒவ்வொரு பத்திரிகையின் கையெழுத்தும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இது அந்தப் படம்தானா?

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிந்ததுதான். படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். டின்ஐ (TinEye) தளத்தில் தேடினால் ‘மிகப் பழையது முதலில்’ என்று வரிசைப்படுத்தலாம். நேற்றைய போராட்டம் என்று வந்த படம் ஐந்து ஆண்டுக்கு முன்பே இணையத்தில் இருந்தால் கதை முடிந்தது. கடைப் பலகையின் எழுத்து எந்த மொழி, வண்டி எண் எந்த மாநிலம், காவலரின் தொப்பி எந்த மாதிரி என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்கள் அழிந்திருக்கும், அதைத் தோண்டிப் பயனில்லை.

முகங்களையும் கவனிக்கவேண்டிய காலம் இது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கிப் போன மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றியது. உள்ளே அவர்கள் எடுத்த செல்ஃபியில் யார் முகத்திலும் சிரிப்பில்லை. சில மணி நேரத்தில் அதே படம் எல்லோரும் சிரிப்பதுபோல மாற்றப்பட்டுப் பரவியது. முகபாவத்தை மட்டும்தான் மாற்றினார்கள். ‘பாரு, எல்லாம் நாடகம்’ என்று சொல்ல அது போதுமாக இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் பல்வரிசையும் கன்னக்குழியும் காட்டிக்கொடுத்துவிடும்.

சொல்லி எடுத்த படமா?

கடைசிக் கேள்வி, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. கூட்டம் கேமராவையே பார்க்கிறதா? எல்லோர் கையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? பதாகை போலீஸை நோக்கி இருக்கிறதா, நம்மை நோக்கியா? நம்மை நோக்கி என்றால் படம் சொல்லி எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதனாலேயே பொய் என்று தள்ளிவிடாதீர்கள். போராடுவதே நாலு பேர் பார்க்கத்தானே?

ஒருமுறை எங்கள் மாவட்ட போட்டோகிராபரோடு நானும் மறியல் நடந்த இடத்துக்குப் போயிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தாசில்தார் பேசி முடித்து, பேருந்துகள் நகர ஆரம்பித்திருந்தன. பெண்கள் குடங்களை இடுப்பில் வைத்து ஊருக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். “அஞ்சு நிமிஷம் உக்காருங்கம்மா, ஒரு படம் எடுத்துக்கிறேன்” என்றார் இவர். சலிப்போடு திரும்பி வந்து, சாலை ஓரமாக, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்தார்கள். மறியலே முடிந்துவிட்டது, இதை மறியல் படம் என்று போடலாமா என்று எனக்கு உள்ளே ஒரு குடைச்சல். இவர் மண்டியிட்டு லென்ஸைத் திருகிக்கொண்டே, “குடத்தக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கம்மா, காலின்னு தெரியட்டும்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தார்மேல் டொம்மென்று வைத்தார். “ஒன்றரை வருசமா காலியாத்தான் கெடக்கு, நல்லா எடு.”